ஒரு வாளிப் பச்சைத் தண்ணீர்

குரு என்றால் நரைத்த தாடியும் சீடன் என்றால் அரும்பு மீசையும் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் தமயந்தி. வெள்ளியம்பாளையம் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை. சீடர் திருமூர்த்திக்கு ஐம்பதை எட்டிப் பிடிக்க இன்னும் இரண்டே வருஷம். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, அரசு வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து, நடுவில் பாத்திரக் கடை நடத்தி, மகளைக் கட்டிக்கொடுத்து, பேரனையும் பார்த்த பிறகுதான் அவருக்குப் பணி ஆணை வந்தது. சாக்பீஸை எடுத்த முதல் நாள் கரும்பலகையில் எழுதிய வரி சரிந்துகொண்டே போனது. பாவம், யாருக்குத்தான் சரியாது.

அன்று சாயங்காலமே அவர் தமயந்தியிடம் போய், எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த வயதில் அப்படிக் கேட்க ஒரு மனசு வேண்டும். அது அவரிடம் இருந்தது.

தமயந்தியிடம் ஒரு பழக்கம் உண்டு. கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார். பிள்ளைகள் என் முகத்தையே பார்க்க மாட்டேன் என்கிறார்களே, ஏன் என்று ஒருநாள் திருமூர்த்தி கேட்டார். மறுநாள் வகுப்புக்குப் போனால் அவருடைய நாற்காலியைக் காணோம். தமயந்தி அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் அறையில் போட்டிருந்தார். வேறு வழியில்லாமல் திருமூர்த்தி பிள்ளைகளுக்கு நடுவில் பாயில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் நாற்காலியைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

ஊருக்குக் கிழக்கே ஓர் ஆறு ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். மேலே சாயப்பட்டறைகள் இருக்கின்றன. ஒருநாள் தண்ணீர் ஊதாவாக வரும், ஒருநாள் செங்காவியாக வரும். எந்த நிறமானாலும் அதில் கால் வைக்க யாரும் துணிவதில்லை.

அந்த வருஷம் ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன் ஊரின் மண்ணையும் நீரையும் பற்றித் தானே ஒரு பாடம் தயாரித்து நடத்தலாம் என்று மேலே இருந்து சொன்னார்கள். திருமூர்த்தி துள்ளிக் குதித்துக்கொண்டு அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். ராத்தூக்கம் கெட்டு அட்டையில் ஆற்றின் படம் வரைந்தார். மீனுக்குக் கண்ணீர்கூட வைத்தார். ஐந்தாம் வகுப்பில் படத்தை மாட்டி, முதல் கேள்வியைக் கேட்டார். நம் ஆற்றைக் கெடுத்தது யார்?

பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள், சாயப்பட்டறை என்று. திருமூர்த்திக்கு மனசு நிறைந்துபோனது. சரியான பதில், எல்லாரும் கைதட்டுங்கள் என்றார்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் ஒரு பையன் எழுந்து, "சார், கோகிலவாணி அப்பா சாயப்பட்டறைக்குத்தானுங் போறாரு. அவரு கையெல்லாம் நீலமா இருக்கும்" என்றான்.

கைதட்டல் நின்றது. வகுப்பு மொத்தமும் திரும்பி மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண்ணைப் பார்த்தது. கோகிலவாணி தன் இரண்டு கைகளையும் பாவாடைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அந்தக் கைகளில் ஒரு நிறமும் இல்லை, சுத்தமாகத்தான் இருந்தன.

திருமூர்த்தி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. முட்டை போடும் நாள் அது. கோகிலவாணி தட்டை எடுக்கவே இல்லை. மறுநாள் பள்ளிக்கும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

சத்துணவு சமைக்கும் பாப்பாத்திதான் சேதி கொண்டுவந்தாள். பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வர மாட்டேன் என்கிறதாம். காங்கயத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பி, அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று அவள் அம்மா சொல்கிறாளாம். மாற்றுச் சான்றிதழ் கேட்டு அடுத்த வாரம் வருவார்களாம்.

தன்னால் ஒரு குழந்தை பள்ளியைவிட்டுப் போகிறது என்ற எண்ணம் திருமூர்த்தியை அரித்துத் தின்றது. ஒரு சாயங்காலம் கோகிலவாணி இருக்கும் பள்ளத் தெருவின் முனை வரைக்கும் போனார். போய் என்ன சொல்வது, என்ன முகத்தோடு சொல்வது என்று தெரியாமல் அப்படியே திரும்பிவிட்டார்.

மறுநாள் கடைசி மணி அடித்த பிறகு தமயந்தியைத் தேடிப் போனார். தமயந்தி குழாயடியில் குந்தியிருந்தார். பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் புதுச் சீருடை வந்திருந்தது. கரும்பச்சைத் துணி. புதுத் துணி சாயம் விடும், குழந்தைகளின் கழுத்திலும் அக்குளிலும் பச்சை ஒட்டும் என்று வருஷா வருஷம் அதைக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசிக் காயவைத்த பிறகுதான் அவர் பிள்ளைகளிடம் கொடுப்பார். வேறு எந்தத் தலைமை ஆசிரியையும் இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

திருமூர்த்தியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து துணியைப் பிழிய ஆரம்பித்தார். பிழிந்துகொண்டே கேட்டார்.

"நான் தப்பா என்ன சொல்லிக்குடுத்தேன், டீச்சர்? சாயப்பட்டறைங்கறது நெசந்தானே?"

"நெசந்தானுங்க சார்."

"அப்புறம் ஏன் அந்தப் புள்ள போயிட்டா? இப்ப நான் அவளுக்கு என்ன பாடம் நடத்தோணும்?"

தமயந்தி எழுந்தார். துணி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தார். அடியில் கரும்பச்சையாகத் தண்ணீர் நின்றது.

"ஒரு கை பிடிங்க, சார்" என்றார்.

இருவரும் தொட்டியைச் சாய்த்து அந்தத் தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றினார்கள். வாளி நிறைந்துவிட்டது.

"இதக் கொண்டுபோயி, யாருக்கும் தொந்தரவில்லாத எடமாப் பாத்து ஊத்திட்டு வாங்க."

நான் கேட்டது என்ன, இவர் சொல்வது என்ன என்று திருமூர்த்திக்குச் சுருக்கென்றது. ஆனால் நாற்காலி விஷயம் ஞாபகம் வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

முதலில் பள்ளியின் காய்கறிப் பாத்திக்குப் போனார். சமையல் கட்டிலிருந்து பாப்பாத்தி ஓடி வந்தாள். அது உப்புத் தண்ணீர், கத்திரிச் செடி பொசுங்கிவிடும், பிள்ளைகள் வைத்த செடி என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். திருமூர்த்தி வாளியோடு பின்பக்கம் போனார்.

அங்கே சாக்கடை இருந்தது. சாக்கடை எதற்கு இருக்கிறது, ஊற்றத்தானே என்று வாளியைச் சாய்க்கப் போனவர், சும்மா ஒரு தரம் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். இத்தனை நாள் அதைப் பார்த்ததே இல்லை. மதில் சுவரின் அடியில் நுழைந்து, சரிவில் இறங்கி, பள்ளத் தெருப் பக்கம் போனது. யாருக்கும் தொந்தரவில்லாத இடம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாரே. யாரும் பார்க்கவில்லை, ஊற்றிவிட்டுப் போய் ஊற்றியாச்சு என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் அவருக்கு வராது. வாளியை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ரோட்டோரம் பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் வெறும் மண் தரை இருந்தது. கடைக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார், வாடிக்கைக்காரர்கள் வண்டி நிறுத்துகிற இடம், கறை பிடித்துக்கொள்ளும் என்று. அதைத் தாண்டிச் சென்னியப்பனுடைய தென்னந்தோப்பு. சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டு, உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். வாளியைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. கிணறு பக்கத்தில் இருக்கிறது, மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குத்தான் வரும் என்றார்.

"அதோ, அந்தப் பள்ளத்துல ஊத்திட்டுப் போங்க, வாத்தியாரே. அங்கதான் எல்லாரும் ஊத்தறது."

வழியில் இன்னும் இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். எல்லாரும் நல்லவர்கள். எல்லாருடைய கையும் ஒரே பக்கம்தான் நீண்டது.

வாளியின் கம்பி விரலை அறுத்தது. திருமூர்த்தி கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். நேற்றுத் திரும்பிப்போன அதே தெரு முனை வந்தது. கையில் வாளி இருந்ததால் இன்றைக்குத் திரும்ப முடியவில்லை.

பள்ளத் தெருவின் நடுவில் ஒரு வாய்க்கால் போகிறது. ஊர்ச் சாக்கடைகள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்து, அப்புறம் ஆற்றுக்குப் போகும். அதன் ஓரத்தில் ஒரு பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வாளியோடு ஒருவர் வருவதைப் பார்த்ததும் துலக்கிய குடத்தை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றாள். இது என்ன தண்ணீர் என்று கேட்கவில்லை, ஏன் இங்கே என்றும் கேட்கவில்லை.

"ஊத்துங் சார்" என்றாள்.

இவ்வளவு நேரம் எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்று விரட்டியபோது வராத அழுகை அந்த ஒரு சொல்லில் திருமூர்த்திக்கு வந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்தார்.

"இங்க ஊத்துனா உங்களுக்குத் தொந்தரவில்லீங்களா?"

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். "எல்லாரும் ஊத்தறதுதானுங்களே."

அப்போது பின்னால் இருந்த வீட்டின் வாசலில் கோகிலவாணி வந்து நின்றாள். பாத்திரம் துலக்கியவள் அவளுடைய அம்மா என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கதவுக்குள்ளே, ராத்திரி ஷிஃப்டுக்குப் போகும் அவள் அப்பா பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். மார்மேல் கிடந்த கைகள் மணிக்கட்டு வரைக்கும் நீலமாக இருந்தன.

கோகிலவாணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியைத்தான் பார்த்தாள்.

"அது புது யூனிபாரம் தண்ணிங்களா சார்?"

"ஆமா கண்ணு."

பக்கத்தில் வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "என்னோடதும் ஊறப்போட்டீங்களா?"

"போட்டோம். உன்னோடதும் இதுலதான் இருந்துச்சு."

அம்மாவுக்குச் சங்கடமாக இருந்தது. காங்கயத்துக்கு அனுப்பலாம் என்று இருப்பதாகவும், வாத்தியார் மேல் கோபம் ஒன்றும் இல்லை என்றும், பிள்ளைக்குத்தான் மனசு விட்டுப்போய்விட்டது என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் தப்பாக் கேட்டுட்டேன், கண்ணு" என்றார். "கேட்டதும் தப்பு. நீ கைய மறைச்சப்ப நான் சும்மா நின்னது அதவிடத் தப்பு."

திருமூர்த்தி குனிந்து வாளியைத் தூக்கினார். வந்த வழியே திரும்பினார்.

"ஏனுங் சார், ஊத்தலீங்களா?" என்று அம்மா பின்னால் கேட்டாள். கொண்டு வந்ததை அந்தத் தெருவிலிருந்து யாரும் திருப்பி எடுத்துப் போய் அவள் பார்த்ததில்லை.

"இல்லீங்க அம்மிணி" என்றார்.

இறங்கியபோது இருந்ததைவிட மேட்டில் ஏறும்போது வாளி இரண்டு மடங்கு கனத்தது. பாதி மேட்டில் மூச்சு வாங்கியது. வாளி ஆடி, வேட்டியெல்லாம் பச்சை தெறித்தது. சட்டென்று கனம் குறைந்தது. பக்கத்தில் கோகிலவாணி கம்பியின் மறுபாதியைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

அவர் ஏதும் பேசவில்லை. பேசினால் விட்டுவிடுவாளோ என்று பயம்.

"எங்கப்பாவும் பச்ச போடுவாருங் சார்" என்றாள் அவள், கொஞ்ச தூரம் போன பிறகு. "பச்ச போட்ட அன்னைக்கு அவரு கை பச்சையா இருக்கும். எவ்வளவு தேச்சாலும் போகாதுங்."

திருமூர்த்தி சும்மா இருந்த கையை விரித்துக் காட்டினார். துணி பிழிந்ததில் உள்ளங்கை ரேகை எல்லாம் பச்சையாக இருந்தது.

"எனக்கும் போகல."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தன் கையையும் பார்த்தாள். கம்பியைப் பிடித்த இடத்தில் அதிலும் பச்சை ஒட்டியிருந்தது. லேசாகச் சிரித்தமாதிரி இருந்தது. இந்தத் தடவை அவள் கையை மறைத்துக்கொள்ளவில்லை.

பள்ளியில் தமயந்தி கயிற்றில் சட்டைகளை உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். இருவரும் வாளியைச் சுமந்து வருவதைப் பார்த்தார். போன வாளி நிறைந்தே வருகிறதே என்று கேட்கவில்லை. நீ எப்போது வந்தாய் என்று கோகிலவாணியையும் கேட்கவில்லை. ஒரு சட்டையைக் கயிற்றிலிருந்து எடுத்து, அவள் தோளில் வைத்து அளவு பார்த்தார்.

"காலைல காஞ்சிரும். வந்து வாங்கிக்க, கண்ணு" என்றார்.

அம்மா தேடுவாள் என்று சொல்லிவிட்டுக் கோகிலவாணி ஓடினாள். வாசல்வரை ஓடியவள் திரும்பி ஒரு தரம் கயிற்றைப் பார்த்துவிட்டுப் போனாள்.

திருமூர்த்தி படியில் உட்கார்ந்தார். களைப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

"ஊத்த எடமே இல்லீங்க டீச்சர். ஊர் முழுக்கச் சுத்திட்டேன். வேண்டாம்னு சொல்லாத எடம் ஒண்ணுதான் இருக்குது. அங்க என்னால ஊத்த முடியல." நிமிர்ந்து தமயந்தியைப் பார்த்தார். "எடம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

"போன வருஷம் ஊறவெச்ச தண்ணிய எங்க ஊத்துனீங்க?"

தமயந்தியின் கை கயிற்றில் அப்படியே நின்றது. "பின்னாடி சாக்கடையில."

"அது எங்க போகுதுன்னு..."

"பாக்கல. வருஷா வருஷம் ஊத்தியிருக்கேன், பாக்கல. இந்த வருஷம் நீங்க வந்து கேள்வி கேட்டீங்க. அப்பத்தான் கையில வாளிய வெச்சுட்டு எனக்கும் சந்தேகம் வந்துச்சு."

குரு இப்படிச் சொன்னால் சீடன் என்ன சொல்வான். இரண்டு பேரும் வாளியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வெயில் இறங்கி, தண்ணீரில் கயிற்றுச் சட்டைகளின் நிழல் ஆடியது.

"இப்ப இத என்ன பண்றதுங்க டீச்சர்?"

"அஞ்சாம் வகுப்புல, நடுவுல கொண்டுபோய் வைங்க. நாளைக்குப் புள்ளைங்க புதுச் சட்டையப் போட்டுட்டு அதச் சுத்தி உக்காரட்டும்."

"நான் என்ன கேக்கறது?"

"நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம். அவங்க கேப்பாங்க, இத எங்க ஊத்தறதுன்னு."

"என்ன பதில் சொல்ல?"

"இன்னைக்கு நீங்க நடந்த வழியில கூட்டிட்டுப் போங்க."

திருமூர்த்தி தன் விரல்களைப் பார்த்தார். கம்பி அறுத்த இடம் இன்னும் சிவந்திருந்தது.

"வாளி கனம் டீச்சர். சின்னப் புள்ளைங்க. யாரு தூக்கறது?"

தமயந்தி கடைசிச் சட்டையை உதறிக் கயிற்றில் போட்டார்.

"ஆளுக்குக் கொஞ்ச தூரம், மாத்தி மாத்தித் தூக்கட்டும். நீங்களும் தூக்குங்க, நானும் வர்றேன். கோகிலா கிட்ட மட்டும் குடுத்தறாதீங்க, சார். அவ தூக்குனது போதும். முன்னால நடந்து வழி காட்டட்டும்."